தெருவின் குறையை மாநகராட்சிக்குக் கொண்டுபோவது எப்படி? டர்பன் பகுதிப் பிரதிநிதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூட்டம் முடியும் நேரம். "அங்கிள், நீங்கதான் நல்லா பேசுவீங்க, நீங்களே போங்க" என்று யாரோ சொல்ல, எல்லாரும் தலையாட்ட, நீங்கள் தெருவின் பிரதிநிதி ஆகிவிட்டீர்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் எங்கேயானாலும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. மறுநாள் காலையிலேயே போன் வர ஆரம்பிக்கும். தெருவிளக்கு எரியவில்லை, மேன்ஹோல் பொங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் மாடி கட்டுகிறார்.

நான் இந்த வேலையைப் பல வருடம் தப்பாகச் செய்தவன். கூட்டத்தில் எழுந்து உரக்கப் பேசினால் காரியம் நடக்கும் என்று நம்பினேன். கைதட்டல் கிடைத்தது, வடிகால் அப்படியே இருந்தது. எண்ணும் தேதியும் போட்ட காகிதம், அதுவும் சரியான மாதத்தில் போய்ச் சேர்ந்தால்தான் மாநகராட்சி அசையும் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகப் புரிந்தது. அந்தத் தாமதம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் டர்பன் அடங்கிய இத்தெக்வினி மாநகராட்சியை மனதில் வைத்து. சட்டம் தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் ஒன்றுதான். லெனேசியாவிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இருப்பவர்கள் அலுவலகப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதல் படி: இது யார் வேலை?

தண்ணீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, உள்ளூர்ச் சாலை, பூங்கா, சுடுகாடு, கட்டட அனுமதி ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. பள்ளிக்கூடமும் ஆர்.கே. கான் போன்ற அரசு மருத்துவமனையும் மாகாண அரசின் கையில் இருக்கின்றன. போலீஸ் தேசிய அரசுக்குக் கீழே வருகிறது. திருட்டு, போதைமருந்து பற்றிப் பேச வேண்டுமானால் காவல் நிலையத்தோடு சேர்ந்து இயங்கும் சமூகக் காவல் மன்றத்துக்குப் போங்கள், நாம் சி.பி.எஃப். என்று சொல்வது அதைத்தான். என்2, என்3 நெடுஞ்சாலைகள் தேசிய நெடுஞ்சாலை நிறுவனமான சான்ராலைச் சேர்ந்தவை. மாகாணத்துக்குப் போக வேண்டிய மனுவை மாநகராட்சியில் கொடுத்தால் யாரும் திருப்பி அனுப்பக்கூட மாட்டார்கள், அது பாட்டுக்குக் கிடக்கும்.

இரண்டாம் படி: பழுதா, திட்டமா, விதியா?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். எங்கள் பகுதி மேடும் பள்ளமுமானது. மழை பெய்தால் மேல் ரோட்டுத் தண்ணீர் கீழ் வீட்டு அடுப்படிக்கு வந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் நான் புகார் கொடுப்பேன். ஆட்கள் வந்து வடிகால் வாயில் அடைத்திருந்த இலையையும் பிளாஸ்டிக்கையும் அள்ளிப் போடுவார்கள். வேலை முடிந்தது என்று புகாரை மூடிவிடுவார்கள். நான்கு வருடம் இதே கதை. கடைசியில் ஒரு நாள் வந்த டெக்னீஷியன்தான் போகிறபோக்கில் சொன்னார்: "இந்தக் குழாய் அந்தக் காலத்து வீடுகளுக்குப் போட்டது. இப்போது மேலே எல்லாரும் முற்றத்துக்கு சிமெண்ட் போட்டுவிட்டீர்கள். எவ்வளவு அள்ளினாலும் பத்தாது."

அதாவது, நான் பழுது என்று எழுதிக்கொடுத்தது உண்மையில் ஒரு திட்டம். பழுது என்றால் இருப்பது கெட்டுப்போனது. அதைச் சரிசெய்ய ஏற்கனவே பணம் ஒதுக்கியிருப்பார்கள், பழுது சொல்வதற்கென்றே இருக்கும் ஃபால்ட் லைன் போனில் சொன்னால் போதும். திட்டம் என்றால் இல்லாததை உண்டாக்குவது அல்லது சின்னதைப் பெரிதாக்குவது. அதற்கு பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும். மூன்றாவது வகை விதி: கட்டட அனுமதி, கட்டண உயர்வு, துணைவிதி போன்ற முடிவுகள். அவற்றுக்கு ஆட்சேபனை தெரிவிக்கக் கெடு தேதி இருக்கும், அது தாண்டினால் கதவு மூடிவிடும்.

ஒவ்வொரு குறையையும் கேட்டவுடனே நோட்டில் ப, தி, வி என்று ஓர் எழுத்துப் போட்டுவிடுங்கள். ஒரே பழுது ஒரு வருடத்தில் மூன்று தடவை வந்தால் ப-வை அடித்துவிட்டு தி என்று மாற்றுங்கள்.

மூன்றாம் படி: தெருவை நடந்து கேளுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் கத்துகிறவர்கள்தான் தெரு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போங்கள். கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும் நாளும் நல்ல நாள். போரிட்ஜ் பிரேயருக்கு வராத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு, வரிசையில் நிற்கும்போது ஆயாக்கள் சொல்வதில் பாதி மாநகராட்சி விஷயமாகத்தான் இருக்கும். எந்த வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது, யார் டயாலிசிஸ் போகிறார், யார் படியிறங்க முடியாதவர் என்பதையும் தனியாகக் குறித்து வையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் மக்கள் டேங்கர் பின்னால் ஓடினார்கள். அப்படியொரு நேரத்தில் டேங்கர் முதலில் எந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்ல ஒரு பட்டியல் கையில் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடுத்தவர் நோய் ஊர்ப்பேச்சு ஆகக்கூடாது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதை அனுமதிக்காது.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. நம் வார்டுகளில் 1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் துரத்திவிட்டதால் வந்து சேர்ந்த குடும்பங்களும் இருக்கின்றன, பிற்பாடு வந்து தகரக் குடிசை போட்ட ஸூலு மொழிக் குடும்பங்களும் இருக்கின்றன. ஃபீனிக்ஸில் 2021 ஜூலைக் கலவரத்தின்போது நடந்த கொலைகளை இரண்டு பக்கமும் மறக்கவில்லை. குடிசைப் பகுதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி எழுதிய மனு வார்டு கூட்டத்தில் சண்டையில் முடிவதை நான் பார்த்திருக்கிறேன். அடைத்த கழிவுநீர்க் குழாய் இரண்டு பக்கத்துக் குழந்தைகள் விளையாடும் இடத்திலும்தான் பொங்குகிறது. அங்கே இருக்கும் பிரதிநிதியிடம் போய், "சானிபோனா" என்று ஸூலுவில் வணக்கம் சொல்லி, இரண்டு பகுதியின் கையெழுத்தும் சேர்ந்த ஒரே மனுவாகக் கொடுத்துப் பாருங்கள். அதை ஒதுக்கித் தள்ள எந்தக் கவுன்சிலருக்கும் மனம் வராது, ஏனென்றால் இரண்டும் ஓட்டு.

நான்காம் படி: எண்ணைக் கையில் வாங்குங்கள்

போனில் சொன்னாலும் ஆப்பில் போட்டாலும் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காமல் விடாதீர்கள். "ஆளை அனுப்புகிறோம்" என்று அன்பாகச் சொல்வார்கள், நாமும் நன்றி சொல்லி வைத்துவிடுவோம். அன்பை நோட்டில் எழுத முடியாது. நேரில் போக முடிந்தவர்கள் சிசகாலா சேவை மையத்துக்குப் போகலாம். ஸூலுவில் சிசகாலா என்றால் உதவி பெறுவது என்று அர்த்தம்.

நோட்டில் ஒரு புகாருக்கு ஒரு வரி போதும்: தேதி, இடம், எண், என்ன நடந்தது, ஆள் வந்த தேதி, மறுபடி கெட்ட தேதி. இடத்தை "கோயிலுக்குப் பக்கம்" என்று எழுதாதீர்கள். விளக்குக் கம்பத்தில் இருக்கும் எண், எதிர்வீட்டு எண், போன் காட்டும் வரைபடக் குறி எல்லாம் வேண்டும். போட்டோ எடுக்கும்போது அளவு தெரிய ஒரு செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ பள்ளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரே இடத்தை ஒரே கோணத்தில் மூன்று மழைக்குப் பிறகு எடுத்த மூன்று படம், முப்பது கையெழுத்தை விட அதிகம் பேசும்.

எண் வாங்க ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகப் புகார் கொடுப்பதா, நீங்கள் மட்டும் கொடுப்பதா? தண்ணீர், மின்சாரம் என்றால் தனித்தனியாக. எத்தனை வீடு பாதிக்கப்பட்டது என்பது அப்போதுதான் அவர்கள் கணினியில் தெரியும்.

ஐந்தாம் படி: கவுன்சிலரும் வார்டு கமிட்டியும்

2021 தேர்தலின்படி இத்தெக்வினியில் 111 வார்டுகள், 222 கவுன்சிலர்கள். பாதிப் பேர் வார்டில் நேரடியாக ஜெயித்தவர்கள், மீதிப் பேர் கட்சிப் பட்டியலில் வந்த பி.ஆர். கவுன்சிலர்கள். முதலில் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் போங்கள், அவர் எந்தக் கட்சியானாலும் சரி. அவர் காது கொடுக்கவில்லை என்றால் பி.ஆர். கவுன்சிலர் இரண்டாவது கதவு. ஆனால் முதல் நாளே இரண்டாவது கதவைத் தட்டினால் முதல் கதவு உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும்.

வார்டு கமிட்டி 1998-ஆம் ஆண்டின் முனிசிபல் ஸ்ட்ரக்சர்ஸ் சட்டத்தில் வருவது. கவுன்சிலர்தான் தலைவர், அவரோடு அதிகபட்சம் 10 பேர். பெண்களுக்கு உரிய இடமும் வார்டின் பல தரப்புக்கும் இடமும் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வார்டைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கமிட்டி பரிந்துரை செய்யலாம். பரிந்துரை மட்டும்தான், உத்தரவு போட முடியாது.

இதைக் கேட்டதும் பெரியவர்கள் சிரிப்பார்கள். நிறவெறிக் காலத்தில் இந்தியர் பகுதிகளுக்கு எல்.ஏ.சி., அதாவது லோக்கல் அஃபேர்ஸ் கமிட்டி, என்று ஆலோசனைக் குழுக்கள் வைத்திருந்தார்கள். மாநகரக் கவுன்சிலில் ஓட்டு இல்லை, அதிகாரம் இல்லை, ஆலோசனை மட்டும் சொல்லலாம். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அவற்றை எதிர்த்தது. "பழைய எல்.ஏ.சி.யே வேறு பெயரில் வந்திருக்கிறது" என்று இப்போது சொல்கிறவர்களின் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தக் கவுன்சிலருக்கு உங்கள் ஓட்டு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மக்களிடம் வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்று கவுன்சிலர்களுக்கான நடத்தை விதியும் சொல்கிறது. கடைசியாக எப்போது வந்தார் என்று தேதி கேளுங்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் விஷயம் பேசப்பட்டால் அது மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள். ஏறவில்லை என்றால் திருத்தச் சொல்லுங்கள். மினிட்ஸில் இல்லாத பேச்சு நடக்காத பேச்சு.

ஆறாம் படி: கடிதம்

ஒரு கடிதத்தில் ஒரு குறை. விளக்கு, வடிகால், நாய்த்தொல்லை மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் மூன்று துறைக்கும் நடுவில் அது அனாதையாகிவிடும். நான் பின்பற்றும் வரிசை இது:

"இந்தத் தெருவில் இத்தனை எண் வீட்டிலிருந்து இத்தனை எண் வரை மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. இந்தத் தேதிகளில் புகார் கொடுத்தோம், எண்கள் கீழே. ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யப்பட்டு, அடுத்த மழையில் மறுபடி நடந்தது. குழாயின் கொள்ளளவைப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும், முடிவை இந்தத் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்."

அவ்வளவுதான். வரி கட்டுகிறோம், தேர்தல் வரும், நாங்கள் இரண்டாம் தரக் குடிமக்களா என்பதெல்லாம் கூட்டத்துக்கு. கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம்: 2000-ஆம் ஆண்டின் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, புகாருக்குக் காலதாமதமில்லாமல் பதில் பெறுவது குடியிருப்பவரின் உரிமை. கவுன்சிலருக்கும் துறைத் தலைவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள், இருவருக்கும் போனது என்று இருவருக்கும் தெரிகிற மாதிரி. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள்.

மொழி பற்றி ஒரு சின்ன விஷயம். நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் 6-ஆம் பிரிவில், மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. படிக்கப் பெருமையாக இருக்கும். ஆனால் கடிதத்தை ஆங்கிலத்திலோ ஸூலுவிலோ எழுதினால்தான் மேஜையில் நகரும். தமிழ் உங்கள் தெருவில் வேண்டும், ஆயாவிடம் கையெழுத்து வாங்கும் முன் அவருக்கு வரி வரியாக விளக்க. எழுத முடியாதவர்கள் அலுவலகத்துக்கு வந்து வாயால் சொன்னால் ஊழியர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அதே சிஸ்டம்ஸ் சட்டத்தில் இருக்கிறது. கருத்துக் கேட்டு வரும் அறிவிப்பில் அந்த ஊழியர் யார் என்றும் போட்டிருக்க வேண்டும்.

ஏழாம் படி: மாதம் பார்த்துப் போங்கள்

திட்டம் வகைக் குறைகளுக்கு இதுதான் உயிர். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. 2003-ஆம் ஆண்டின் முனிசிபல் நிதி மேலாண்மைச் சட்டப்படி வரைவு பட்ஜெட்டை ஆண்டு தொடங்குவதற்கு 90 நாள் முன்னதாகவே கவுன்சிலில் வைக்க வேண்டும், அதாவது மார்ச் முடிவதற்குள். பிறகு மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். மே கடைசியில் ஒப்புதலுக்கு வரும்.

நாம் என்ன செய்கிறோம்? ஏப்ரல் கூட்டத்தில் மைக் கிடைத்ததும் வடிகாலைப் பற்றிப் பொரிந்து தள்ளுகிறோம். மேடையில் இருப்பவர் பணிவாக எழுதிக்கொள்கிறார். அதற்குள் தோசை வார்த்தாகிவிட்டது, நாம் மாவில் உப்புப் போடச் சொல்கிறோம்.

மாவு அரைக்கும் நேரம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை. அடுத்த பட்ஜெட்டுக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்துக்கும் எப்போது என்ன செய்வோம் என்ற கால அட்டவணையை ஆண்டு தொடங்குவதற்கு 10 மாதம் முன்னதாக, ஆகஸ்டில், வெளியிட வேண்டும். அந்த வளர்ச்சித் திட்டம்தான் எல்லாரும் ஐ.டி.பி. என்று சொல்வது. அட்டவணையை வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் உங்கள் கடிதமும் வார்டு கமிட்டியின் பரிந்துரையும் துறைக்குப் போயிருக்க வேண்டும், ஏனென்றால் துறைகள் தங்கள் தேவைப்பட்டியலைத் தயாரிப்பது அப்போதுதான். மார்ச்சில் வரைவு வந்ததும் உங்கள் வார்டு எண்ணை அதில் தேடுங்கள். இருந்தால் ஏப்ரலில் அதை வெட்டாமல் காப்பாற்றும் கடிதம், இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்கும் கடிதம்.

பலரும் கவனிக்காத இன்னொரு கதவும் இருக்கிறது. ஜனவரி 25-க்குள் அரையாண்டுச் செலவை மதிப்பிட வேண்டும். அதையொட்டி பிப்ரவரியில் திருத்த பட்ஜெட் வரும். எங்கோ செலவாகாத பணம் வேறு பக்கம் திரும்புவது அந்தச் சமயத்தில்தான். பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடும் போட்டு வைத்த சின்ன வேலைக்கு அந்தப் பணம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே டிசம்பர் லீவுக்கு முன்னாலேயே அந்த மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: பொதுக்கூட்டத்தில்

மூன்று நிமிடம்தான் கிடைக்கும் என்று நினைத்துத் தயாராகுங்கள். புகார் எண், மூன்று படம், ஒரே கேள்வி. "எப்போது பொறியாளர் வருவார்?" என்று கேளுங்கள், "ஏன் எங்களை அலட்சியப்படுத்துகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். முதல் கேள்விக்குத் தேதி சொல்லியாக வேண்டும், இரண்டாவதற்கு ஒரு சொற்பொழிவு போதும். வீட்டுக்குப் போன அன்றே, "இன்று கூட்டத்தில் நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பதில் வராவிட்டால்

ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறுங்கள். துறைத் தலைவர், பிறகு மாநகராட்சியின் தலைமை அதிகாரியான சிட்டி மேனேஜர். பலர் கையெழுத்துப் போட்ட மனு என்றால் கவுன்சிலின் ஸ்பீக்கர் அலுவலகம். மனுக்களையும் புகார்களையும் வாங்கிப் பரிசீலிக்க வழி வைத்திருப்பது மாநகராட்சியின் கடமை, சிஸ்டம்ஸ் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. அதிகாரி ஒருவர் எடுத்த முடிவு உங்கள் உரிமையைப் பாதித்தால், முடிவு தெரியவந்த 21 நாளுக்குள் 62-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். 21 நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

அறிக்கையோ காண்ட்ராக்ட் விவரமோ வேண்டுமானால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. சுருக்கமாக பாயா. ஆட்டுக்கால் நினைவு வந்தால் தப்பில்லை, இதுவும் மெதுவாகத்தான் வேகும். விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். நிர்வாகத்தின் முறைகேடு என்றால், அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் பப்ளிக் ப்ரொடெக்டரிடம் போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இங்கெல்லாம் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் பழைய நோட்டுத்தான்.

பேரணி போக வேண்டும் என்று தெரு முடிவு செய்தால் அதுவும் உரிமைதான். பொதுச் சாலையில் 15 பேருக்கு மேல் கூடுவதானால் 7 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவிடாதீர்கள். "ரேட்ஸ் (சொத்துவரி) கட்டுவதை நிறுத்துவோம், அப்போதுதான் புத்தி வரும்" என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார். கேட்க வீரமாக இருக்கும். 2013-இல் மொகாக்கா முனிசிபாலிட்டி வழக்கில், சேவை சரியில்லை என்று ரேட்ஸ் கட்டாத ஒருவரின் மின்சாரத்தை முனிசிபாலிட்டி துண்டித்தது செல்லும் என்று அரசியலமைப்பு நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. அவர் மின்கட்டணத்தை ஒழுங்காகக் கட்டி வந்தவர். பில் தப்பாக வந்திருந்தால் வேறு கதை. எந்தத் தொகையை மறுக்கிறீர்கள் என்று குறிப்பாக எழுத்தில் தகராறு பதிவு செய்யுங்கள், மீதியைக் கட்டிவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

அடுத்த மழை வரை புகாரை மூடியதாக எழுதாதீர்கள். மழைக்குப் பிறகு அதே கோணத்தில் நாலாவது படம் எடுங்கள். வேலை நன்றாக இருந்தால் அந்த டெக்னீஷியனின் மேலதிகாரிக்கு நன்றி சொல்லி ஒரு வரி அனுப்புங்கள். திட்டு மட்டுமே வாங்கிப் பழகியவர்கள் அவர்கள், அடுத்த தடவை உங்கள் போனை எடுப்பார்கள்.

அப்புறம், இந்த வேலையில் வயதும் அலுப்பும் சீக்கிரம் வரும். உங்களுக்கு அடுத்து யார் என்று இப்போதே பார்த்து, கடிதம் கொடுக்கப் போகும்போது அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் தெருவில் நோட்டு இப்போது நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்த பாதிப் புகார்களுக்கு எண் இல்லை. "என்ன தாத்தா இது?" என்று கேட்டாள்.